ஈஸ்டர் நாளில் ஏறிய கடல்: குமரிக் கரையில் யார், எங்கே குடியிருப்பார்கள்?

2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை கத்தோலிக்க ஊர்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, காலையில் சாவகாசமாக எழுந்து இறைச்சிக் குழம்பு வைக்கிற நாள் அது. மழை இல்லை, காற்று இல்லை, புயல் கூண்டும் ஏற்றவில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் கேரளக் கரையின் பல இடங்களில் கடல் வீட்டுக்குள் ஏறியது. நீரோடியை ஒட்டி எல்லைக்கு அப்பால் கிடக்கும் பொழியூரும் அதில் உண்டு. ஐந்து வாரம் கழித்து, மே 6 அன்று, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் தண்ணீரில் இறங்கிய பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. கள்ளக்கடல், அதாவது எங்கோ தொலைவில் எழுந்து, இங்கே காற்றோ மழையோ இல்லாமலே கரையேறும் ஓத அலை, வரும் என்ற எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை.

குடியிருப்பைப் பற்றிய ஆய்வுக்கு இந்த அலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2100இல் எந்த ஊர் மூழ்கும் என்று சிவப்பு பூசிக் காட்டும் வரைபடங்கள் வாட்ஸ்அப்பில் நிறையவே சுற்றுகின்றன. அந்தச் சிவப்பைப் பார்த்து குமரிக் கரையில் யாரும் பெட்டி கட்டுவதில்லை. வள்ளம் ஏற்ற மணல் இருக்கிறதா, வருஷத்தில் எத்தனை நாள் தொழிலுக்குப் போக முடிகிறது, பக்கத்துக் கடலில் மீன் கிடைக்கிறதா என்ற மூன்று கேள்விதான் ஆட்களை நகர்த்துகிறது. இவை கெடும்போது வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆள் போய்விடுகிறார். கடலின் போக்கு மாறுவது இந்த மூன்றையும் தனித்தனி வழியில் தொடுகிறது. ஈஸ்டர் அலை அதில் முதல் வழி.

அந்த அலை எங்கிருந்து வந்தது என்பதை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், விளக்கியிருக்கிறது. மார்ச் 23 வாக்கில் நம் கரையிலிருந்து ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் தொலைவில், தென் அட்லாண்டிக்கிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகரத் தொடங்கியது. 25ஆம் தேதிக்குள் அது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு வந்தது. அங்கே வீசிய காற்று 11 மீட்டர் வரை அலையை எழுப்பியது. மிச்சத்தை நாமே கணக்குப் போடலாம். 20 விநாடிக்கு ஒரு முறை வரும் ஓத அலையின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நாளுக்கு 1,350 கிலோமீட்டர், ஆறு நாளில் 8,000. மார்ச் 25இலிருந்து எண்ணினால் 31இல் வந்து நிற்கும்.

நடுவில் தடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. கன்னியாகுமரி முனையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு துளித் தீவுகள் வழியில் வரும். அப்புறம் அண்டார்டிகாதான். திருவள்ளுவர் சிலை அருகே நின்று தெற்கே பார்க்கும் சுற்றுலாப் பயணி உண்மையில் அண்டார்டிகாவின் காற்று மண்டலத்தை நோக்கித்தான் நிற்கிறார்.

இந்த அலையின் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஆழ்கடலில் 600 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். அதனால் வெளியே தொழில் செய்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. கரையை நெருங்கித் தரை தட்டும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடும். சாதாரணக் காற்றலை ஐந்தாறு விநாடியில் வந்து திரும்பிவிடும். இது பத்து விநாடி விடாமல் தள்ளும். உயரம் ஒன்றரை மீட்டர்தான் என்றாலும் மணலில் ஏறும் தூரம் அதிகமாக இருப்பதற்கு இந்த நீடித்த தள்ளல்தான் காரணம். லெமூரில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறவரைச் சாய்த்ததும் இதுதான். எச்சரிக்கை ஊருக்குள் இருக்கும் மீனவருக்கு எப்படியோ எட்டிவிடுகிறது, கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ காரில் வந்து இறங்குகிறவருக்கு யார் சொல்வது?

கள்ளக்கடல் புதிதல்ல. 2005 மேயில் கேரளத்தில் பெரிய அளவில் ஏறியது பதிவாகியிருக்கிறது, அதற்கு முன்பும் வந்துபோயிருக்கிறது. மாறுவது அடித்தளம். வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அந்த 25 ஆண்டுக்கு மொத்தம் 8 சென்டிமீட்டர். கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் சரிவு குறைந்த மணற்கரையில் 8 சென்டிமீட்டர் உயரம் என்பது சில மீட்டர் அகலத்துக்குச் சமம். அந்தச் சில மீட்டர்தான் வள்ளம் கிடக்கும் இடம். இதோடு தென்பெருங்கடலின் மேலைக் காற்று வலுத்தும் துருவப் பக்கம் ஒதுங்கியும் வருகிறது. அங்கே எழும் அலைகளின் உயரம் கூடும் என்பதுதான் பெரும்பாலான கணிப்புகளின் முடிவு. ஆக மேலிருந்து ஒரு பக்கமும் கீழிருந்து ஒரு பக்கமும் நெருக்குகிறது.

அழிக்கால், பிள்ளைத்தோப்புப் பக்கம் கடல் ஏறுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், குடியிருப்பின் சிக்கல் புரியும். கரையோரம் கருங்கல்லால் போட்ட தடுப்புச் சுவர் தெருவைவிட உயரமாக இருக்கும். தெரு உள்பக்கமாகத் தாழ்ந்து போகும். அலை சுவரைத் தாண்டி விழும்போது முதலில் வருவது தண்ணீர்கூட இல்லை, கல் இடுக்கு வழியாக நுரையும் மணலும்தான். அப்புறம் தண்ணீர். வந்த தண்ணீர் திரும்பிப் போக முடியாது, சுவரே அணையாகிவிடும். கடல் ஒரு மணிநேரத்தில் அடங்கிவிட்டாலும் தெருவில் தேங்கியதை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அதற்குள் கிணறு உவர்த்துவிடும். இந்த வீடுகளில் பிரிட்ஜை நான்கு செங்கல்மேல் தூக்கி வைத்திருப்பார்கள், அரிசி டப்பா பரணில் இருக்கும். வாசலில் குவிந்த மணலை வாருகோலால் தள்ளித் தள்ளி, மறுநாள் மதியத்துக்குள் வீடு வீடாகிவிடும். ‘வேறு இடத்துக்குப் போகலாமே அக்கா’ என்று கேட்டால், ‘எங்க போக மக்களே, வள்ளம் இங்கல்லா கெடக்கு’ என்பதுதான் பதில்.

ஒவ்வொரு வருஷமும் ஆனி, ஆடியில் கடல் மணலை அள்ளிக்கொண்டு போகும், தை, மாசியில் திருப்பிக் கொண்டுவந்து போடும். இந்தப் போக்குவரத்தை நம்பித்தான் ஊர்கள் நின்றன. அப்புறம் கல் வந்தது. ஒரு ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, போட்டால் அங்கே மணல் சேரும், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் நின்றுவிடும். அடுத்த ஊர்க்காரர்கள் மறியல் செய்து தங்களுக்கும் தூண்டில் வளைவு கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். அதற்கு அடுத்த ஊரில் வீடு விழும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் இதையே பெரிய அளவில் செய்கின்றன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வில் இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. தமிழகத்தில் அந்தப் பங்கு 43 சதவீதத்தை ஒட்டியது. இதில் காலநிலை செய்தது எவ்வளவு, நாம் கொட்டிய கல் செய்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். என் கணிப்பில், குமரிக் கரையைப் பொறுத்தவரை இன்றைய தேதிக்குக் கல்லின் பங்குதான் அதிகம். கடல்மட்டம் அதற்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

இடமும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கு மேல். பரப்பில் தமிழகத்தின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று. வடக்கே மலை, காடு, ரப்பர். நடுவில் தென்னந்தோப்பும் வயலும், சென்ட் கணக்கில் விலை பேசும் மனைகளும். தூத்தூர் பக்கத்து ஊர்களில் நெருக்கடி இன்னும் மோசம். முன்னால் கடல், பின்னால் 1860களில் திருவிதாங்கூர் அரசு வெட்டிய ஏ.வி.எம். கால்வாய். நடுவில் கிடக்கும் மணல் பட்டையில்தான் வீடு, பள்ளிக்கூடம், கோயில், கல்லறைத் தோட்டம் எல்லாம்.

இங்கே ஒரு பழைய அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும், அது இந்த ஆய்வின் மையமே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் இறந்தார்கள். குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடிகளும் அடிபட்டன. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலம் துண்டு துண்டாகப் பிய்ந்துபோனது. 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு ஓர் ஆணை போட்டது, எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு கிடைக்கும், பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போக மாட்டேன் என்றால் பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் உதவி கிடையாது. இப்படி எழுந்தவற்றைத்தான் ஊரில் இன்றும் சுனாமி காலனி என்கிறார்கள்.

பாதுகாப்பு என்று பார்த்தால் அந்த ஆணையைக் குறை சொல்ல முடியாது. வீடு என்பது தூங்கும் இடம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. அதிகாலை மூன்று மணிக்குக் கடலின் நிறமும் நீவாட்டின், அதாவது நீரோட்டத்தின், போக்கும் பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் வாசலிலிருந்து கடல் தெரியும் இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. இன்ஜினையும் வலையையும் ஒரு கிலோமீட்டர் சுமக்க முடியாது, கரையில் விட்டுவிட்டுப் போனால் காவல் வேண்டும். ஏலத்துக்குப் பெண்கள் கரையில் நிற்க வேண்டும். கரை நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் நாளை அங்கே ஒரு ரிசார்ட்டோ மணல் நிறுவனமோ வராது என்று யார் உறுதி தருவது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை வெறும் சந்தேகம் என்று தள்ள முடியாது. 2019இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளில் கட்டடம் கட்டக்கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவரை 200 மீட்டர் தள்ளிப் போகச் சொன்ன அதே கரையில், 14 ஆண்டு கழித்து 50 மீட்டரே போதும் என்று ஆகிவிட்டது. சுனாமி காலனியில் ஒரு வீடு, கடலோரத்தில் ஒரு வீடு என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்வதற்கு இதுதான் பின்னணி.

இனி இரண்டாவது வழி, நீரோட்டமும் மீனும். குமரி முனையைச் சுற்றி நீவாடு வருஷத்துக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி முனையைச் சுற்றிக் கிழக்கே போகும். அப்போது கரையோரத்தில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலெழும். மீன் பெருகுவது அதனால்தான். முனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு இந்த வளத்தின் மையம். 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் அதன்மீதான உரிமை இந்தியாவுக்கு வந்தது. குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழாகும். வங்கக்கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் இலங்கையைச் சுற்றி வந்து, முனையைத் தாண்டி லட்சத்தீவுக் கடலுக்குள் நுழையும். உப்புக் குறைந்த தண்ணீர் இலேசானது, மேலேயே படர்ந்து நின்று வெயிலில் சூடேறும்.

இந்த ஒழுங்கில்தான் இப்போது வெப்பம் கைவைக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1950களிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது. மேலே சூடு ஏற ஏற, அடித்தண்ணீர் மேலே வருவது கடினமாகும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் மிதவைப் பாசி ஆறு பத்தாண்டில் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதைத் தின்று வாழும் சாளை, அதாவது மத்தி மீனின் கதையைக் கேரளத்துப் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2012இல் அங்கே பிடிபட்டது நான்கு லட்சம் டன்னை ஒட்டி. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 2021இல் 3,297 டன். அதே மீன் 1990களிலிருந்து தமிழகத்தின் கிழக்குக் கரையில் நல்ல அளவில் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. சாளை போனதற்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், குஞ்சு மீனை அள்ளியதும் உண்டு. ஆனால் வள்ளமும் சிறிய வலையும் வைத்திருக்கிறவர் மீனுக்குப் பின்னால் 300 கிலோமீட்டர் போக முடியாது. அவர் பையன் போவான். பஹ்ரைனிலோ கத்தாரிலோ ஒரு அரபியின் படகில் கூலிக்கு வேலை பார்ப்பான், அல்லது கடலையே விட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் கடையில் நிற்பான். இதை இடப்பெயர்வு என்று எந்தப் பதிவேடும் எழுதாது.

தூத்தூர் மீனவர்கள் மீனைப் பின்தொடர்ந்தவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட்டு, கொச்சியைத் தளமாக வைத்து, ஓமன் பக்கம் வரையிலும் சாகோஸ் பக்கம் வரையிலும் போய் வருகிறவர்கள். கடல் மாறும்போது தொழிலோடு நகர்வது எப்படி என்று இந்தியாவில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் இவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த நகர்வுக்கு உண்டான விலையையும் இவர்கள்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. எச்சரிக்கை வந்தபோது பல நாள் தொழிலுக்குப் போன படகுகள் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தன. சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி என்று வரிசையாக ஊர்கள் ஆண்களை இழந்தன. மாவட்டத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஒக்கி போன பாதை மேலே சொன்ன சூடான தண்ணீர்ப் பாதைதான். 1982-2000 காலத்தோடு ஒப்பிட்டால் 2001-2019 காலத்தில் அரபிக்கடல் புயல்களின் எண்ணிக்கை 52 சதவீதம் கூடியிருப்பதாக இந்திய விஞ்ஞானிகள் 2021இல் காட்டினார்கள். புயல் எச்சரிக்கை கூடினால் கரையில் உட்கார்ந்திருக்கும் நாளும் கூடும். முன்பு சொன்ன இரண்டாவது கேள்விக்கு, எத்தனை நாள் தொழில் என்பதற்கு, இதுதான் பதில்.

சரி, அட்லாண்டிக்கில் நீரோட்டம் நின்றுபோனால் உலகம் என்ன ஆகும் என்று இப்போது பேசப்படுகிறதே, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அங்கே வெப்பமண்டலத்தின் சூட்டை மேல்தண்ணீர் வடக்கே கொண்டுபோகிறது. கிரீன்லாந்துப் பக்கம் குளிர்ந்து, கனத்து, மூழ்கி, ஆழத்தின் வழியாகத் தெற்கே திரும்புகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 1.7 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வராது. பனி உருகிய நன்னீர் மேலே படர்ந்தால் மூழ்குவது குறையும். 2004இலிருந்து இதை நேரடியாக அளந்து வருகிறார்கள். இந்த நூற்றாண்டில் இது பலவீனமாவது பெரும்பாலும் உறுதி என்றும், 2100க்குள் திடீரென்று நின்றுபோகும் வாய்ப்பு குறைவு என்றும் ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் சொன்னது. பின்னதை அவர்கள் நடுத்தர உறுதியோடுதான் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பலவீனமானால் ஐரோப்பா குளிரும், மழைப் பட்டை தெற்கே நகரும், இந்தியப் பருவமழை தளரும். 12,900 ஆண்டுக்கு முன் யங்கர் டிரையாஸ் என்ற குளிர்க்காலத்தில் அப்படி நடந்ததற்குக் குகைப் படிவுகளிலும் கடலடி வண்டலிலும் தடயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடல் இன்றைவிடப் பல பத்து மீட்டர் தாழ்ந்து கிடந்தது, வாட்ஜ் பேங்கின் ஒரு பகுதி தரையாக இருந்திருக்கும். இதைப் படித்ததும் குமரிக்கண்டம் என்று கிளம்ப வேண்டாம். வெளிப்பட்டது முனையை ஒட்டிய கடல் மேடைதான், கண்டம் எதுவும் இல்லை.

குமரி மாவட்டத்துக்கு மழை தளர்வது என்றால் நேராகக் குடிநீர்தான். இரண்டு பருவமழையும் பெறும் ஊர் இது, 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை நம்பி வயலும் குளமும் இருக்கின்றன. கடற்கரை ஊர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் அது கடலில் சேரும் பொழிமுகம் வழியாக உப்பு மேலேறும். குழித்துறைத் தாமிரபரணியில் பரக்காணித் தடுப்பணை கட்டியதே அதைத் தடுக்கத்தான். கடல் ஏறி வீடு போனால் ஒரு தெரு நகரும். தண்ணீர் உவர்த்தால் கரையோடு சேர்ந்து உள்நாட்டு ஊர்களும் தவிக்கும், அந்த நாளில் மீனவரும் விவசாயியும் ஒரே நிலத்தைத்தான் தேடுவார்கள். அட்லாண்டிக்கின் விளைவு நம் வாசலுக்கு வந்தால் அது இந்த வடிவில் வரும் என்று நினைக்கிறேன். அதற்கு இன்னும் பல பத்தாண்டு இருக்கலாம். சாளையும் கள்ளக்கடலும் அவ்வளவு காத்திருக்கவில்லை.

ஆகவே 2005 ஆணையை அப்படியே திரும்ப எடுத்தால் திரும்பவும் பாதிதான் வேலை செய்யும். வீட்டையும் கரை உரிமையையும் பிரிக்க வேண்டும். உள்ளே போகிறவர் கரை நிலத்தை அரசுக்கு எழுதிக் கொடுக்காமல், வள்ளம் ஏற்றவும் வலை உலர்த்தவும் ஏலம் போடவும் ஊரின் பெயரில் நிரந்தர ஆவணமாக அந்த இடம் நிற்க வேண்டும், யாரும் விற்க முடியாதபடி. கல் போடுவதை ஊர் ஊராக முடிவு செய்யாமல் ஒரே மணல் ஓட்டத்தில் இருக்கும் ஊர்களை ஒன்றாக உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும். இதற்குக் கையில் அளவு வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் வள்ளம் ஏற்றும் இடத்தின் அகலத்தை மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை டேப் பிடித்து அளந்து ஊர்க் கணக்கிலேயே எழுதி வைக்கலாம். கோயில் சுவரோ ஒரு மின்கம்பமோ அடையாளமாக இருந்தால் போதும், செயற்கைக்கோள் எல்லாம் தேவைப்படாது. ஐந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த தூண்டில் வளைவு எங்கே என்று பேச வரும் பொறியாளரின் முன் அதை விரித்து வைக்கலாம்.